ராஜண்ணன் வீட்டு மஞ்சள் கோடு

என் அறைக்கு ஏறுகிற படிகளில் ஒன்று பாதி உடைந்திருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து அரைத்தூக்கத்தில் ஏறும்போது இடறிவிடக் கூடாதென்று, கம்பெனியில் மிச்சமாகிக் குப்பைக்குப் போகவிருந்த மஞ்சள் டேப்பைக் கேட்டு வாங்கி வந்து அதன் விளிம்பில் ஒட்டியிருந்தேன். தொழிற்சாலைத் தரையில் நடைபாதையைக் காட்ட ஒட்டுகிற டேப். அன்று காலை கதவைத் திறந்தால், கீழ்வீட்டு ராஜண்ணன் படியேறி வந்துகொண்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. தலையில் அடிபட்டதிலிருந்து வெறுந்தரையில் நடக்கும்போதே சுவரைப் பிடிக்கிற மனுஷன். என் படிகளுக்கோ கைப்பிடி கிடையாது. கூப்பிட்டால் தலையைத் திருப்புவார், திருப்பினால் விழுவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மஞ்சள் டேப் ஒட்டிய படிக்கு வந்ததும் அவரும் நின்றார். கால்களைச் சேர்த்து வைத்தார். சுட்டுவிரலை நீட்டி வலப்பக்கம் காட்டி, "ரைட் ஓகே" என்றார். இடப்பக்கம் காட்டி, "லெஃப்ட் ஓகே." நேரே என் முகத்துக்கு நீட்டி, "ஃப்ரண்ட் ஓகே." அப்புறம் அந்த உடைந்த படியைச் சுத்தமாகத் தாண்டி, ஒரு தடுமாற்றம் இல்லாமல் மேலே வந்து நின்றார்.

விளாத்திகுளம் பக்கம் நம் ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு இது புரியாது. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற பல தொழிற்சாலைகளில், உள்ளே மஞ்சள் கோட்டைக் கடக்கும்போதெல்லாம் நின்று, விரலை நீட்டி, வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கடக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சிரிப்பு தாங்காது. படித்த பிள்ளைகள், தாடி வைத்த சூப்பர்வைசர்கள், எல்லாரும் காற்றுக்கு விரல் காட்டிக்கொண்டு போவார்கள். இப்போது என் விரலும் தானாகவே எழுந்துவிடுகிறது. போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள், எட்டயபுரம் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடக்க அதே மாதிரி செய்து தொலைத்தேன். கூட்டிப்போக வந்திருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் திருநீற்றை அள்ளி நெற்றி நிறையப் பூசிவிட்டாள்.

ராஜண்ணனுக்கு மகளின் வயது மறந்துவிட்டது. சாப்பிட்டது மறந்துவிடும். சட்டைப் பொத்தானை எந்த ஓட்டையில் போடுவது என்பதே சில நாள் பெரிய கணக்காக இருக்கும். ஆனால் கோட்டின் முன்னால் நிற்க வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை. அது தலைக்குள் இல்லை, காலுக்குள் இருக்கிறது. படி உச்சியில் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த யோசனை எனக்குப் பளிச்சென்று அடித்தது. வீட்டையே கம்பெனி லைன் மாதிரி ஆக்கிவிட்டால் என்ன?

நான் மாரிச்செல்வி. தரக்கட்டுப்பாட்டில் வேலை. மத்திகிரிப் பக்கம் ஒரு சந்தில் ராஜண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். ஆரோக்கியராஜ் என்பது அவர் முழுப்பெயர். பவர் பிரஸ் ஓட்டியவர். இரும்புத் தகட்டை ஒரே அடியில் வளைக்கிற எந்திரம் அது. கை உள்ளே இருந்தால் கையையும் தகடாகத்தான் பார்க்கும். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா, இந்தப் பக்கத்து எலத்தகிரியில் பிறந்தவர். நான் குடிவந்த புதிதில் இரண்டு பேரும் என் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். "சொல்லுதேன்", "வாரேன்" என்று நான் சொன்னால், ராஜண்ணன் அதையே திருப்பிச் சொல்லிக் காட்டுவார். அவரை மரியாதைக்கு "அண்ணாச்சி" என்றேன். நான் என்ன மளிகைக்கடையா வைத்திருக்கிறேன் என்று கேட்டார். அப்படிப்பட்ட வாயாடி ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது சர்வீஸ் ரோட்டில் லாரியில் மோதி, பெங்களூரில் ஆபரேஷன் ஆகி, நினைவு வந்து, வீடு திரும்பினார். திரும்பி வந்தவர் வேறு ஒருவர்.

இதுதான் எனக்கு முதலில் பிடிபடாதது. கை கால் எல்லாம் சரியாக இருக்கிறது. முடி வளர்ந்து தையல் தழும்பும் மறைந்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டு, "நல்லாத்தான இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் ஸ்டெல்லா அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். முன்மூளையில் அடி என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோபத்துக்கு பிரேக் போடுகிற இடமாம் அது. வாசனை அறவே தெரியாது. கேஸ் திறந்து கிடந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் குக்கர் விசிலுக்கு எரிச்சலாகி மூடியைத் தூக்கி வீசினார். அது மகள் ஜெனியின் காதை உரசிக்கொண்டு சுவரில் பட்டது. அன்றைக்கே ஜெனியை உத்தனப்பள்ளியில் இருக்கிற தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார் அக்கா. அதற்கப்புறம் நானும் படி இறங்கும்போதெல்லாம் முதலில் கீழே காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன். உதவப் போகிறவள் பயப்படுவது வெட்கமாக இருந்தது. ஆனால் பயந்தேன்.

அக்காவால் வெளியே வேலைக்குப் போக முடியாது. வண்டிக்குப் போகிற ரப்பர் வளையங்களில், புஷ்களில், பிசிறு வெட்டுகிற வேலையைக் கம்பெனிக்காரர்கள் சாக்குச் சாக்காக வீட்டுக்கே கொண்டுவந்து போடுகிறார்கள், அதைச் செய்கிறார். சின்ன பிளேடு. விரல் நுனியெல்லாம் கறுப்பு. நான் ஷிஃப்டுக்குப் போகாத நேரத்தில் கீழே போய் உட்காருவேன். அக்கா குளிக்க, கடைக்குப் போக, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக அந்த நேரம்தான். நாங்களே அதற்கு ஹேண்ட்ஓவர் என்று பெயர் வைத்துக்கொண்டோம். சாப்பிட்டாரா, மாத்திரை ஆயிற்றா, கோபம் எப்படி என்று படிக்கட்டில் நின்று சொல்லிவிட்டு ஒருவர் போவோம், ஒருவர் வருவோம்.

டேப் சுருளோடு நான் போய் நின்றபோது அக்கா பிளேடைக் கீழே வைக்கவில்லை.

"இதென்னா வூடா, கம்பெனியா? அங்கதான் அந்தாள முழுசா தின்னுட்டாங்க. இங்கயும் லைன் போடறியா நீயி?"

"ஒரு பாத்ரூம் வரைக்கும் மட்டும் போடுவோம்க்கா. நடக்கலன்னா நானே பிச்சு எறிஞ்சிருதேன்."

"பிச்சா பெயிண்டு வரும். வூட்டுக்காரி நானு, எனக்குத் தெரியும்" என்றார். ஆனால் காலை நகர்த்தி இடம் கொடுத்தார்.

படுக்கையிலிருந்து குளியலறை வரை மஞ்சள் கோடு இழுத்தேன். நடந்தது. அவர் விழவில்லை. அந்த வாரமே அடுப்பைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டினேன். சிவப்புக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்பதும் அவர் காலுக்குத் தெரிந்திருந்தது. அலமாரியில் பிரஷ், சீப்பு, மாத்திரை டப்பா ஒவ்வொன்றுக்கும் வெளிவரைகோடு வரைந்தேன், டூல்ஸ் வைக்கிற பலகையில் வரைவது போல. எடுத்த பொருளை அந்த வரைகோட்டுக்குள்ளேயே திருப்பி வைத்தார். குளிக்க மாட்டேன் என்று கத்துகிறவருக்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய கம்பெனி யூனிஃபார்ம், ஒரு சாம்பல் சட்டை, அதைக் குளியலறைக் கதவில் மாட்டி, "டூட்டிக்கு டைம் ஆச்சு" என்பார். உடனே குளிப்பார். சட்டையைப் போட்டுக்கொண்டு தின்பண்டம் எதுவும் கேட்காமல், கோபப்படாமல், வாசல் அறையில் உட்கார்ந்து அக்கா கொடுக்கிற ரப்பர் புஷ்களை நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று பிரிப்பார். என்னைவிடக் கறாரான இன்ஸ்பெக்டர். ஜெனி ஒரு ஞாயிறு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். நான் ஏதோ மருந்து கண்டுபிடித்தவளைப் போல மிதந்துகொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா அக்காவின் தம்பி யேசுதாஸ் மட்டும் மிதக்கவில்லை. உத்தனப்பள்ளியில் தக்காளி வைக்கிறவர், குறைவாகப் பேசுகிறவர். ஒவ்வொரு முறை வரும்போதும் வீட்டை ஒரு சுற்றுப் பார்ப்பார், கோடுகளைப் பார்ப்பார், பின்னறைக் கதவைப் பார்ப்பார். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுவிட வேண்டும் என்பது அவர் கட்சி. பகலில் அக்கா தனியாக இருக்கிற நேரத்துக்கு மட்டும் என்பார். அக்கா சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு பிளேடை எடுப்பார். எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. அதற்குக் காரணம் நம் ஊரில் இருக்கிறது. டிராக்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட சுப்பையா மாமாவை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பகலில் ஊரே அவருக்குச் சோறு போட்டது. எந்தத் தெருவில் திரிந்தாலும் யாராவது கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். அதை எல்லாரும் பெருமையாகச் சொல்வோம். அவர் காலில் கயிறு இருந்ததை யாரும் சொல்வதில்லை. முதலில் அறுவடை நேரத்துக்கு மட்டும் என்றுதான் கட்டினார்கள். பிறகு வெள்ளாமை இல்லாத நாளிலும் கட்டு அவிழவில்லை. கணுக்காலைச் சுற்றித் தோல் வளையமாக வெளுத்துப்போயிருந்தது. கட்டினவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

ஓசூரில் கட்டவும் ஆள் இல்லை, கைப்பிடித்துக் கொண்டுவந்து விடவும் ஆள் இல்லை. இங்கே யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. காலை ஐந்தரைக்கு மெயின் ரோட்டில் வந்து பாருங்கள். சாம்பல் சட்டைகள் ஒரு கொத்து, நீலச் சட்டைகள் ஒரு கொத்து, மெரூன் ஒரு கொத்து. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா எல்லாம் அந்தக் கொத்துகளுக்குள் கலந்து கிடக்கும். பஸ் வரும், தன் நிறத்தை மட்டும் அள்ளிக்கொண்டு போகும். நான் ஒருமுறை சாதாரணச் சுடிதாரில் நின்று என் கம்பெனி பஸ்ஸுக்கே கை காட்டினேன். தினமும் என்னை ஏற்றுகிற டிரைவர், என்னை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே நிறுத்தாமல் போனார்.

அந்த மெயின் ரோட்டுக்குப் புதிதாகத் தார் போட்டார்கள். போட்டு, ஓரத்தில் கோடும் இழுத்தார்கள். மஞ்சள் கோடு. எங்கள் சந்து முனையில் தொடங்கிப் பஸ் நிற்கிற இடம் வரை புத்தம் புதிதாக. நானும் அக்காவும் அதைப் பார்த்தோம். ரோடு நன்றாகியிருக்கிறது என்று பேசிக்கொண்டோம். அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அன்று நான் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து அப்போதுதான் படுத்திருந்தேன். குழாயில் தண்ணீர் வந்ததென்று அக்கா பின்பக்கம் குடம் நிரப்பப் போயிருக்கிறார். ராஜண்ணன் குளித்து, சாம்பல் சட்டை போட்டு, வாசலில் உட்கார்ந்திருந்தார். அக்கா திரும்பி வந்தபோது நாற்காலி காலி. கேட் திறந்திருந்தது. அவர் கத்தவில்லை. படியேறி வந்து என் தோளை உலுக்கி, "காணம்" என்றார். அந்த ஒரு சொல்தான். நான் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன். சந்து முனையில் அந்தப் புது மஞ்சள் கோட்டைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதைப் பிடித்தே பஸ் நிற்கிற இடத்துக்குப் போயிருக்கிறார். டீக்கடைக்காரர், சாம்பல் சட்டைக்காரர்கள் எல்லாரும் எட்டு மணி பஸ் ஏறிப் போயாயிற்று என்றார். அதில் ராஜண்ணன் இருந்தாரா என்றால், "சட்ட எல்லாம் ஒரே மாதிரி இருக்குது, எவன்னு நான் பாக்கறது?" என்று கேட்டார்.

அக்காவைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டியை விரட்டினேன். சிப்காட் தொழிற்பேட்டை வரைக்கும் அவர் வாய்க்குள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே வந்தார். பாதி மந்திரத்தில் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். என் கண்ணுக்குள் பிரஸ் மட்டும்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட வேண்டிய நேரம் எது, எடுக்க வேண்டிய நேரம் எது என்று கால் அளவுக்குக் கைக்கும் நினைவிருக்குமா? இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். கோடு போட்டுப் பழக்கியது நான். ரோட்டுக் கோடு எனக்குச் சம்பந்தமில்லாதது என்று மனசில் வாதாடினேன். வாதம் நிற்கவில்லை.

ராஜண்ணன் வேலை பார்த்த கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டி, அப்படி யாரும் வரவில்லை என்றார். அட்டையைப் பஞ்ச் பண்ணாமல் உள்ளே போகவே முடியாது என்றும் சொன்னார். பஸ் டிரைவர் அங்கேயே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாலூர்க்காரர், வேலைக்குப் புதிது. ஸ்டெல்லா அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார். மனசு சரியில்லாத ஆளை எப்படி ஏற்றலாம் என்று கேட்டார்.

"நானு ஷர்ட் பாத்தேன், ஏத்திக்கிட்டேன்" என்றார் அவர், கன்னடம் கலந்த தமிழில், நியாயமாகவே. "மூஞ்சி யாரு மேடம் பாக்கறது?"

அப்புறம் எப்படியோ போன் போய், உள்ளிருந்து ராஜண்ணனோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் ஓடி வந்தார். ராஜண்ணன் கூட்டத்தோடு கூட்டமாக, முன்னால் போனவர் முதுகை ஒட்டியே கேட்டைத் தாண்டியிருக்கிறார். உள்ளே நடைபாதைக் கோட்டைப் பிடித்து, வளைவு தவறாமல் தன் பழைய எந்திரத்துக்கே போய்விட்டார். எங்களை உள்ளே விடவில்லை. அந்த நண்பர் சொல்லித்தான் நடந்தது தெரியும். எந்திரத்தின் முன்னால் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு புது ஆபரேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தாராம். ராஜண்ணன் மஞ்சள் கோட்டுக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். ஓட்டுகிற ஆள் எந்திரத்தை நிறுத்தி, திரும்பி, ஒப்படைக்கிறேன் என்று சொல்லும்வரை அடுத்த ஆள் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அதுதான் முறை. அந்தப் புது ஆளுக்கோ பின்னால் நிற்பது யாரென்று தெரியாது. பாதுகாப்பு விதிகளைச் சோதிக்கிற யாரோ ஆடிட்டர் வந்து தன்னைக் கவனிக்கிறார் என்று நினைத்து, வேர்த்து விறுவிறுத்து, விரல் காட்டி, கண்ணாடி மாட்டி, ஒரு விதி விடாமல் வேலை செய்துகொண்டிருந்தாராம். இரண்டு பேரும் அப்படியே நின்றிருக்கிறார்கள். ஒருவர் கூப்பிடுவார் என்று ஒருவர்; போய்விடுவார் என்று ஒருவர்.

அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு நிற்காமல் அழுகையாகி, கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோடுதான் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. கோடுதான் அவர் கையையும் காப்பாற்றியிருக்கிறது. அந்த ஒடிசாக்காரர் மரியாதைக்குத் திரும்பி, "ஆயியே சார்", வாங்க சார் என்று ஒரு வார்த்தை சொல்லி நகர்ந்திருந்தால்? இதை எழுதும்போதும் அந்த இடத்தில் என் கை நிற்கிறது.

ராஜண்ணனை வெளியே கூட்டி வந்து விட்டவர்கள் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். டீ கொடுத்தார்கள். ஆனால் ஓர் அதிகாரி ஸ்டெல்லா அக்காவைத் தனியே அழைத்து, அந்தச் சட்டை இனி வெளியே இருக்கக் கூடாது, திருப்பித் தந்துவிடுங்கள் என்றார். கேட்டது நியாயம். அங்கேயே கழற்ற முடியாது என்று அக்கா சொன்னார். வீட்டுக்கு வந்து, ராஜண்ணன் தூங்கும்போது எல்லாச் சாம்பல் சட்டைகளையும் மடித்துக் கொடுத்தனுப்பிவிட்டோம்.

மறுநாளிலிருந்து வீடு நரகம். சட்டையில்லாமல் டூட்டி இல்லை. டூட்டி இல்லாமல் குளியல் இல்லை, சாப்பாடு இல்லை, மாத்திரை இல்லை. பீரோ முன்னால் நின்று ஒவ்வொரு துணியாக எடுத்து வீசினார். ஒரு வெள்ளைச் சட்டையை அக்கா நீட்டியபோது, "என்னிய வேலைய வுட்டு எடுத்துட்டாங்களா? சொல்லு" என்று கேட்டார். விபத்துக்கு அப்புறம் அவர் கேட்ட கேள்விகளிலேயே முழுசாக அர்த்தமுள்ள கேள்வி அதுதான். அக்கா சட்டையை இன்னும் அருகே நீட்டினார். பதில் வராத கோபத்தில் ஒரு தள்ளு தள்ளினார். அக்காவின் நெற்றி கிரைண்டர் முனையில் பட்டு வீங்கிவிட்டது. நான் படியிறங்கி வந்தபோது ராஜண்ணன் மூலையில் குந்தி நடுங்கிக்கொண்டிருந்தார். அக்கா நெற்றியைப் பிடித்தபடி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். ஒரு நிமிஷம் என் கால் அவரை நோக்கிப் போகவே இல்லை.

யேசுதாஸ் அண்ணன் அன்றே வந்தார், பையில் தாழ்ப்பாளும் டிரில்லிங் மெஷினுமாக. அக்காவின் நெற்றியைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"பாப்பா, நீ படிச்ச புள்ள, நல்லதுதான் நெனைக்கற. ஆனா நாளைக்கே வேற ஊருக்கு மாத்திட்டாங்கன்னா பெட்டியக் கட்டினு போயிருவ. இங்க இருக்கறது எங்கக்கா."

உண்மை. சுப்பையா மாமாவின் கணுக்காலைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அந்த ஊரில் அவரை யாரும் பிரஸ்ஸுக்கு ஏற்றிக்கொண்டு போகவில்லையே என்றார். அதுவும் உண்மை. டிரில்லை அவர் பிளக்கில் செருகியபோது ஸ்டெல்லா அக்கா எழுந்து போய்ப் பின்னறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து வெளியே வந்தார்.

"உள்ள நின்னு பாத்தன்டா. அவரு என்னாத்துக்கு உள்ள இருக்கறன்னு அவருக்குத் தெரியாது. அரமணி ஆனா, யாரு பூட்டனாங்கன்னும் தெரியாது. கதவ மட்டும் இடிப்பாரு. நான் வெளிய ஒக்காந்து புஷ் வெட்டினு இருக்கணுமா?" என்றார். அப்புறம் சன்னமாக, "ஒரு வாரம் குடு. நடக்கலன்னா நானே உனக்கு ஸ்க்ரூ எடுத்துக் குடுக்கறன்."

யேசுதாஸ் அண்ணன் மெஷின் வயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். தாழ்ப்பாளை மட்டும் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, தக்காளிக்குத் தண்ணீர் கட்டவும் ஆள் சொல்லிவிட்டு, அங்கேயே தங்கிவிட்டார்.

அந்த ஒரு வாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று நானும் அக்காவும் ரப்பர் சாக்கின் மேல் உட்கார்ந்து மண்டையை உடைத்தோம். அவருக்குப் போக வேண்டும். போய்த் திரும்பவும் வேண்டும். வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி இழுத்த கோடு போதவில்லை. சட்டை வேண்டும், ஆனால் எந்தப் பஸ்ஸும் அள்ளிக்கொண்டு போகாத சட்டையாக இருக்க வேண்டும். அக்காதான் சொன்னார், நாமே தைத்தால் என்னவென்று. நேற்று யேசுதாஸ் அண்ணனை அவரோடு விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் யூனிஃபார்ம் தைக்கிற கடைக்குப் போனோம். சுவர் முழுக்கத் துணித்துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. டெய்லர் எந்தக் கம்பெனி என்று கேட்டார். எந்தக் கம்பெனியிலும் இல்லாத கலர் வேண்டும் என்றேன். கம்பெனி கலரைத்தான் எல்லாரும் கேட்பார்கள், இது என்ன புதுசு என்றார். புது கம்பெனி தொடங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு எங்களுக்கு நாற்காலி எல்லாம் போட்டார். நாங்களும் மறுக்கவில்லை. கடைசியில் அடித்தட்டிலிருந்து ஒரு கத்தரிப்பூ நிறத் துணியை உதறி எடுத்தார். எவனும் தொடாத கலர் என்றார்.

சட்டைப் பையின் மேல் கம்பெனிப் பெயர் வர வேண்டிய இடத்தில் என்ன தைப்பது என்று கேட்டார்.

"அவரு பேரப் போடுங்க" என்றார் ஸ்டெல்லா அக்கா. "மூஞ்சியத்தான் எவனும் பாக்கறதில்ல. பேரயாவது படிக்கட்டும்."

எத்தனை சட்டை என்றார் டெய்லர். அக்கா என்னைப் பார்த்தார். அன்று காலையில்தான் ராஜண்ணன், டூட்டிப் பேச்சை எடுத்ததுமே, லைனில் தன்னோடு யார் யார் என்று கேட்டிருந்தார். தனி ஆளாக லைன் ஓடாது. இரண்டு என்றேன். டெய்லர் டேப்பை எடுத்து என் தோளுக்குக் குறுக்கே வைத்து அளந்தார். என் சட்டையில் என்ன பெயர் என்றார். இவ்வளவு சின்னக் கேள்விக்கு நான் திணறினேன். ஊரில் நான் மாரி. இங்கே எல்லாருக்கும் செல்வி. கம்பெனி அட்டையில் வெறும் எண். பெரிய பெயராக இருந்தால் பைக்கு மேல் அடங்காது என்று டெய்லர் அவசரப்படுத்தினார். அடங்கின மட்டும் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வருகிற வாரம் எனக்கு செகண்ட் ஷிஃப்ட். காலைகள் என் கையில். திங்கட்கிழமை ராஜண்ணனும் நானும் அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு, ரோட்டோரக் கோட்டைப் பிடித்து, பஸ் நிற்கிற இடம் வரை நடக்கப்போகிறோம். ஒவ்வொரு பஸ் டிரைவரிடமும் அவர் முகத்தைக் காட்டப்போகிறேன். பஸ்கள் வரும், தங்கள் நிறங்களை அள்ளிக்கொண்டு போகும். எல்லாம் போனபிறகு டூட்டி முடிந்தது என்று சொல்லி வீட்டுக்குத் திருப்ப வேண்டும். சாம்பல் சட்டை பஸ் வந்து கதவைத் திறக்கும்போது அவர் கால் எழுந்தால் என் பிடி தாங்குமா என்று தெரியவில்லை. அந்தப் பலம் எனக்கு இல்லை என்று யேசுதாஸ் அண்ணன் சொல்கிறார். எட்டத்தில் அவரும் நின்றுகொள்வாராம். அம்மாவிடம் போனில் சொன்னேன். அந்தக் கலரில் நீ எந்தப் பஸ்ஸில் வேலைக்குப் போவாய் என்று கேட்டாள். வேலைக்கு இல்லை அம்மா என்றேன். அப்படியென்றால் ஊருக்கு வா என்றாள். போனை வைத்துவிட்டேன். திங்கட்கிழமை ஐந்தரைக்கு அத்தனை நிறங்களுக்கு நடுவில், கத்தரிப்பூ நிறத்தில், நாங்கள் இரண்டு பேர் நிற்போம். அந்த நிறத்துக்கு நிற்கிற பஸ் இந்த ஊரிலும் இல்லை, நம் ஊருக்குப் போகிற வழியிலும் இல்லை.